ஊட்டும் கையும் அஞ்சும் நெஞ்சும்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் காலை, என் தங்கையோடும் அவளுடைய ஏழு வயது மகளோடும் ஒரு மருத்துவமனை அறையில் அமர்ந்திருந்தேன். மைத்துனர் தாதியின் மேசையருகே நின்று, மருத்துவர் விளக்கியவற்றை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்த்து, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார். எங்கள் முன்னால் ஒரு தட்டில் ஏழு சிறு கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் மசித்த வாழைப்பழம். அதனுள் நிறுத்து அளந்து கலக்கப்பட்ட நிலக்கடலை மாவு. முதற்கிண்ணத்தில் கண்ணுக்கே புலப்படாத அளவு. அடுத்தடுத்த கிண்ணங்களில் படிப்படியாகக் கூடுதல்.

அந்தக் குழந்தை இரண்டு வயதில் ஒரு துண்டு கடலை மிட்டாய் தின்றாள். சற்று நேரத்தில் உடலெங்கும் தடிப்புகள் எழுந்தன, உதடு வீங்கியது, வாந்தி எடுத்தாள். அன்று தொடங்கி ஐந்து ஆண்டுகளாக அந்த வீட்டில் நிலக்கடலைக்கு இடமில்லை. கடலை எண்ணெய் இல்லை, கடலைத் துவையல் இல்லை, தீபாவளிக்கும் கிறிஸ்துமசுக்கும் அண்டை வீடுகளிலிருந்து வரும் பலகாரத் தட்டுகள் பிரிக்கப்படாமலே கைமாறின. இப்போது இரத்தப் பரிசோதனையின் அளவுகள் குறைந்து வந்திருந்தன. ஒருவேளை ஒவ்வாமை நீங்கியிருக்கலாம். நீங்கியதா இல்லையா என்பதை அறிய வழி ஒன்றுதான்: மருத்துவர் முன்னிலையில் உண்டு பார்ப்பது.

என் தங்கை மெல்லிய குரலில் சொன்னாள்: "அண்ணா, அஞ்சு வருஷமா இவ கண்ணுல படாம ஒளிச்சு வச்சதை இன்னைக்கு என் கையாலயே ஊட்டச் சொல்றாங்களே!"

அந்தச் சொற்கள் என்னை நீண்ட நாள்கள் விட்டு அகலவில்லை. கேடு விளைவிக்கக்கூடும் என்று நாம் அஞ்சும் ஒன்றை, அது கேடுதானா என்று அறிவதற்காக, நாம் நேசிக்கும் ஒருவருக்கு நம் கையாலேயே ஊட்டலாமா? உண்மையை அறிவதற்காக இன்னொருவரை ஆபத்தின் விளிம்பில் நிறுத்த நமக்கு உரிமை உண்டா? அந்த இன்னொருவர் தமக்காகத் தாமே முடிவெடுக்க இயலாத குழந்தையாக இருந்தால் என்ன செய்வது? இது மருத்துவக் கேள்வி மட்டும் அன்று. அறநெறி சார்ந்த கேள்வியும் ஆகும். இதைப் பற்றிச் சற்றே ஆழ்ந்து சிந்திப்போம்.

காவலே பகையாகும் விந்தை

ஒவ்வாமை என்பது உணவில் உள்ள நஞ்சினால் வருவதன்று. கோடிக்கணக்கானோர் உண்டு மகிழும் பாலும் முட்டையும் மீனும் கடலையும் நல்லுணவுகளே. அவற்றைப் பகை எனத் தவறாகக் கருதி உடலின் காவற்படை போர் தொடுப்பதே ஒவ்வாமை. ஊரைக் காக்க நிறுத்திய காவலன், விருந்தாளியைக் கள்வன் என எண்ணி, அவரைத் தாக்கும் வேகத்தில் வீட்டையே இடித்துவிடுவது போன்றது அது.

இந்த விந்தையை மருத்துவ உலகம் உணர்ந்து ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள்தாம் ஆகின்றன. 1901இல் மொனாக்கோ நாட்டு இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் கப்பலில் பயணம் செய்த சார்லஸ் ரிஷே, பால் போர்த்தியே ஆகிய பிரெஞ்சு அறிஞர்கள் கடல்வாழ் உயிரினங்களின் நஞ்சை ஆராயத் தொடங்கினர். ஊர் திரும்பியபின் கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்தினர். முதல்முறை தாங்கிக்கொண்ட ஒரு நாய், சில வாரங்கள் கழித்து மறுபடியும் அதைப் பெற்றபோது அரை மணி நேரத்துக்குள் மடிந்தது. பழகப் பழக உடல் தாங்கும் என்று எதிர்பார்த்தவர்கள், பழக்கமே பகையாக மாறக் கண்டனர். காப்புக்கு எதிரானது என்னும் பொருளில் அதற்கு 'அனாபிலாக்சிஸ்' எனப் பெயரிட்டனர். ரிஷே 1913இல் நோபல் பரிசு பெற்றார். 1906இல் வியன்னா நகரத்து மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே 'அலர்ஜி' என்னும் சொல்லை உருவாக்கினார். நம் தமிழில் 'ஒவ்வாமை' என்று அழகாகச் சொல்கிறோம்.

1921இல் நடந்த மற்றொரு நிகழ்ச்சி நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. ஹைன்ஸ் கூஸ்ட்னர் என்ற மருத்துவருக்குச் சமைத்த மீன் ஒவ்வாது. அவருடைய இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஊனீரைச் சிறிதளவு, அவருடைய தோழர் கார்ல் பிரவுஸ்னிட்ஸ் தம் வயிற்றுத் தோலில் செலுத்திக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியபோது, மீன் உண்பதில் எத்தொல்லையும் இல்லாத அவருடைய தோலில் தடிப்பு எழுந்தது. ஒவ்வாமையைத் தோற்றுவிக்கும் பொருள் இரத்தத்தில் உலவுகின்றது என்பது இவ்வாறு மெய்ப்பட்டது. அப்பொருளை 1960களின் பிற்பகுதியில் கிமிஷிகே, தெருகோ இஷிசாகா தம்பதியர் அமெரிக்காவிலும், யொஹான்சன், பென்னிக் ஆகியோர் சுவீடனிலும் அடையாளம் கண்டனர். இன்று நாம் அதை 'இம்யூனோகுளோபுலின் ஈ' என அழைக்கின்றோம்.

பிரவுஸ்னிட்ஸ் ஆபத்தைத் தம் உடலில் ஏற்றார். அறிவை நாடுவோருக்கு இது உயர்ந்த முன்மாதிரி. ஆனால் ஒரு தாய் தன் குழந்தைக்காக அப்படிச் செய்ய முடியாது. எத்தனை அன்பு இருந்தாலும் மகளுடைய ஒவ்வாமையைத் தன் உடலில் வைத்துச் சோதித்துப் பார்க்க அவளால் இயலாது. இங்கேதான் கேள்வி கூர்மை அடைகிறது.

ஐயம் தீர்ப்பாகுமா?

"தோலில் குத்திப் பார்க்கலாம், இரத்தத்தைச் சோதிக்கலாம் என்கிறார்களே, அவை போதாவா?" என்று பலர் கேட்பர். அவை பயனுள்ளவை, ஆயினும் பல வேளைகளில் போதா. ஓர் உணவை எதிர்க்கும் பொருள் உடலில் இருக்கிறது என்பதை அவை காட்டும். அவ்வுணவை உண்டால் உடல் உண்மையிலேயே வருந்துமா என்பதை எப்போதும் காட்டா. இரண்டும் வெவ்வேறு.

இதற்கு நம் அண்டை மாநிலத்திலேயே சான்று உண்டு. கர்நாடகத்தில் வயது வந்தோரிடையே நடத்தப்பட்டு 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஏறத்தாழ 26.5 விழுக்காட்டினரின் இரத்தத்தில் ஏதேனும் ஓர் உணவுக்கு எதிரான பொருள் காணப்பட்டது. ஆனால் உணவு ஒவ்வாமை இருக்கக்கூடும் எனக் கருதத்தக்கவர்கள் 1.2 விழுக்காட்டினர் மட்டுமே. இரத்தத் தாளை மட்டும் நம்பி விலக்கு விதித்தால், நான்கில் ஒருவர் காரணமின்றி ஏதேனும் ஒரு நல்லுணவை இழப்பர்.

அடையாளத்தைக் கண்டதும் குற்றம் உறுதி என்று முடிவு செய்வது நீதிமன்றத்தில் மட்டும் தவறன்று, மருத்துவத்திலும் தவறே. ஐயம் விசாரணைக்குத் தொடக்கமே தவிர அதுவே தீர்ப்பாகாது. நம் ஊர்களில் 'கரப்பான் பண்டம்' என்று கத்திரிக்காயையும் கருவாட்டையும் தள்ளிவைக்கும் வழக்கம் உண்டு. யாருக்கு, எப்போது, எதனால் என்று கேளாமல், பாட்டி சொன்னதால் தாயும் தாய் சொன்னதால் மகளும் விலக்கி வருகின்றனர். இன்று இரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் ஏந்திப் பத்துப் பன்னிரண்டு உணவுகளை ஒரே நாளில் நிறுத்திவிடும் படித்த பெற்றோரும் அதே வழக்கத்தையே புதிய ஆடையில் தொடர்கின்றனர்.

விலக்குவதால் என்ன குறைந்துவிடும் என்று எண்ணலாம். வளரும் குழந்தைக்குப் பாலும் முட்டையும் மறுக்கப்பட்டால் வளர்ச்சி குன்றும். அதைவிட ஆழமான இழப்பும் உண்டு. பிறந்தநாள் விருந்தில் தனக்கெனத் தனிப் பெட்டியைத் திறந்து தனியே அமரும் குழந்தை, தோழர்களிடமிருந்து சிறிது சிறிதாக விலகுகிறது. என் தங்கை மகள் ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் முன்னால், "இதில கடலை இருக்கா அம்மா?" என்று கேட்பாள். உண்பதற்கு முன் அஞ்சுவதே அவளுக்கு இயல்பாகிவிட்டது. பால், முட்டை ஆகியவற்றின் ஒவ்வாமை பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர நீங்கிவிடுகிறது. நிலக்கடலை ஒவ்வாமையும் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீங்குகிறது. நீங்கிய பின்னரும் அறியாமல் அஞ்சியே வாழ்வது, பூட்டாத சிறையில் அடைபட்டுக் கிடப்பது போன்றதன்றோ?

பாட்டியின் சோதனை

உண்மையை அறிய வேண்டும் என்ற விருப்பம் தங்கைக்கு மட்டும் இருந்ததன்று. அவளுடைய மாமியாருக்கும் இருந்தது. "நம்ம காலத்துல இதெல்லாம் ஏது? சிறுகச் சிறுகக் கொடுத்துப் பழக்கினா சரியாயிடும்" என்பது அவருடைய உறுதியான எண்ணம். ஒரு நாள் அவர் யாருக்கும் சொல்லாமல் பேத்தியின் இட்லிக்கான துவையலில் சிறிது கடலையை வைத்து அரைத்துவிட்டார். மணத்தை வைத்துக் கண்டுகொண்ட என் தங்கை, குழந்தையின் வாயருகே சென்ற கையைத் தட்டிவிட்டாள். அன்று வீட்டில் எழுந்த கண்ணீரும் கூச்சலும் அடங்க நெடுநாள் ஆயிற்று.

அந்த அம்மையார் தீயவர் அல்லர். பேத்தியின்மேல் உயிரையே வைத்திருப்பவர். விருந்துகளில் பேத்தி ஒதுங்கி அமர்வதைக் காணப் பொறாமல்தான் அவர் அப்படிச் செய்தார். மேலோட்டமாகப் பார்த்தால், அவர் செய்ய முயன்றதும் மருத்துவர் செய்யப் போவதும் ஒன்றுதானே? இருவரும் சிறிதளவு கடலையைக் கொடுத்து என்ன ஆகிறது என்று பார்க்கின்றனர். அப்படியிருக்க ஒன்றைத் தவறென்றும் மற்றொன்றைச் சரியென்றும் எவ்வாறு கூறுவது?

வேறுபாடு மூன்று இடங்களில் இருக்கிறது.

முதலாவது, அளவு. வீட்டில் 'சிறிதளவு' என்பது கண்மதிப்பு. ஒரு கடலைப் பருப்பில் ஏறத்தாழ 250 மில்லிகிராம் புரதம் இருக்கும். மருத்துவமனையில் முதற்கிண்ணத்தில் 3 மில்லிகிராம்தான். அதாவது ஒரு பருப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. பின்னர் 10, 30, 100, 300, 1000, 3000 எனப் படிகள் உயர்கின்றன. ஒவ்வொரு படிக்கும் இடையே குறைந்தது இருபது நிமிடக் காத்திருப்பு. பாட்டியின் ஒரு சிட்டிகையோ நான்கைந்து படிகளை ஒரே தாவலில் கடந்திருக்கும்.

இரண்டாவது, காப்பு. மருத்துவமனையில் அட்ரினலின் ஊசி முன்கூட்டியே அளந்து வைக்கப்பட்டிருக்கும். உயிர்க்காற்றும் நரம்புவழி மருந்தும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அனாபிலாக்சிஸ் எழும்போது தொடையின் வெளிப்புறத் தசையில் தாமதமின்றி இடப்படும் அட்ரினலினே உயிர்காக்கும் மருந்து. அரிப்புக்குக் கொடுக்கும் மாத்திரை அதற்கு ஈடாகாது. வீட்டில், தொண்டை இறுகத் தொடங்கிய பிறகு வண்டி தேடி ஓட வேண்டியிருக்கும். அந்தச் சில நிமிடங்களே உயிருக்கும் இறப்புக்கும் இடைப்பட்டவை.

மூன்றாவது, உண்மை. இதுவே எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிறது. பாட்டியின் சோதனை மறைவில் நடந்தது. தாய்க்குத் தெரியாது, குழந்தைக்கும் தெரியாது. உண்மையைக் கண்டுபிடிக்கப் பொய்யைக் கருவியாக்கினார். அதன் விளைவு என்ன? கடலை வாயில் படவே இல்லை; ஆயினும் காயம் பட்டுவிட்டது. பல மாதங்கள் அந்தக் குழந்தை பாட்டி கையால் எதையும் உண்ண மறுத்தாள். குழந்தைக்கு ஊட்டும் கையின்மேல் உள்ள நம்பிக்கை, உலகில் அவள் பெறும் முதல் நம்பிக்கை. அதை உடைத்துப் பெறும் அறிவு, எத்துணை உண்மையாயினும், விலை மிகுந்தது.

நிதானம் என்னும் அறம்

மருத்துவமனையில் கடைப்பிடிக்கும் முறையை அன்று அருகிருந்து பார்த்தேன். அதன் ஒவ்வொரு விதியும் ஓர் அறத்தைக் கூறுவதாகவே எனக்குப் பட்டது.

குழந்தைக்குக் காய்ச்சலோ சளியோ இளைப்போ இருந்தால் அன்று சோதனை இல்லை. அடங்காத ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது அடங்கும்வரை சோதனை இல்லை. ஒவ்வாமை மாத்திரைகளைச் சில நாள்களுக்கு முன்பே, மருத்துவர் சொற்படி, நிறுத்த வேண்டும். இல்லையேல் அவை உடலின் எச்சரிக்கையை மறைத்துவிடும். அண்மையில் கடுமையான விளைவு ஏற்பட்டு, காரணமும் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்திருந்தால், சோதனையே தேவையில்லை. முன்பே தெரிந்த உண்மையை மறுபடியும் நிரூபிக்க ஒருவரை வருத்துவது அறமாகாது. உணவு முழுவதையும் தாங்கிக்கொண்டாலும் உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை. ஓரிரு மணி நேரமாவது கண்காணிக்கின்றனர்.

இன்னும் நுட்பமான ஒரு முறையும் உண்டு. 1976இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் மே, ஆஸ்துமா உள்ள குழந்தைகளிடம் உணவுச் சோதனை செய்தபோது, எந்த வாயில் ஐயத்துக்குரிய உணவு இருக்கிறது, எதில் இல்லை என்பது குழந்தைக்கும் தெரியாமல் சோதிப்பவருக்கும் தெரியாமல் நடத்தினார். இன்றும் ஐயமறத் துணியும் உயர்ந்த முறையாக இதுவே கருதப்படுகிறது. ஏனெனில் அச்சமே அரிப்பையும் குமட்டலையும் தோற்றுவிக்க வல்லது. மருத்துவரின் எதிர்பார்ப்பும் அவருடைய கண்ணை மறைக்க வல்லது. இதுவும் மறைவுதானே, பாட்டியின் மறைவிலிருந்து இது எவ்வாறு வேறுபடும் என்று கேட்கலாம். இங்கே மறைப்பு நடக்கும் என்பது அனைவருக்கும் முன்பே சொல்லப்படுகிறது. அனைவரும் இசைந்த பின்னரே மறைக்கப்படுகிறது. "நானும் ஏமாறக்கூடியவன்" என்று மருத்துவர் தம்மைத் தாமே கட்டிக்கொள்ளும் தாழ்மை அது.

அறிஞரும் தவறிய கதை

"எதற்கு இந்த வம்பு? விலக்கி வைப்பதே பாதுகாப்பு" என்பது நம்மில் பலருடைய முடிவு. ஒரு காலத்தில் மருத்துவ உலகமும் அப்படித்தான் எண்ணியது. 1998இல் பிரிட்டனிலும் 2000இல் அமெரிக்காவிலும், ஒவ்வாமைக்கு வாய்ப்பு மிகுந்த குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை நிலக்கடலை கொடுக்கலாகாது என அறிவுரை வழங்கப்பட்டது. நல்ல எண்ணத்தில் பிறந்த அறிவுரை; ஆனால் போதிய சான்றின்மேல் எழுந்ததன்று.

2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதைக் கேள்விக்குள்ளாக்கியது. பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளிடம் நிலக்கடலை ஒவ்வாமை 1.85 விழுக்காடு, இஸ்ரேலில் வாழும் யூதக் குழந்தைகளிடம் 0.17 விழுக்காடு. ஏறத்தாழ பத்து மடங்கு வேறுபாடு! இஸ்ரேலில் கைக்குழந்தைகள் 'பம்பா' என்னும் கடலைப் பொரித் தின்பண்டத்தைச் சிறு வயதிலேயே உண்கின்றனர். பின்னர் லண்டனில் கிடியன் லாக் தலைமையிலான குழுவினர், நான்கு முதல் பதினொரு மாத வயதுடைய 640 குழந்தைகளைத் தேர்ந்தனர். கடும் தோல் அழற்சியோ முட்டை ஒவ்வாமையோ இரண்டுமோ உடைய குழந்தைகள் அவர்கள். ஒரு சாரார் கடலையைத் தவிர்த்தனர். மறு சாரார் ஒழுங்காக உண்டனர். முடிவு 2015இல் வெளிவந்தது. தொடக்கத்தில் தோல் சோதனையில் தடிப்பு எழாத குழந்தைகளில், ஐந்து வயதில், தவிர்த்தவர்களுள் 13.7 விழுக்காட்டினருக்கும் உண்டவர்களுள் 1.9 விழுக்காட்டினருக்கும் நிலக்கடலை ஒவ்வாமை இருந்தது.

காக்கும் என நம்பிய விலக்கே பலருக்குக் கேட்டை வளர்த்திருக்கிறது. இதைக் கேட்டதும் பாட்டி சொன்னதே சரி என்று முடிவு கட்டிவிடலாகாது. அந்த ஆய்விலும் ஒவ்வொரு குழந்தையும் முதலில் தோல் சோதனைக்கு உட்பட்டது; பெரிய தடிப்பு எழுந்தவர்கள் சேர்க்கப்படவில்லை; உண்ணும் பிரிவினருக்கு முதல் ஊட்டல் மருத்துவர் கண்காணிப்பிலேயே நடந்தது. மேலும், ஒவ்வாமை வருமுன் தடுப்பது வேறு. வந்துவிட்ட பின் சோதிப்பது வேறு. இக்கதை நமக்குக் கற்பிப்பது துணிச்சலை அன்று. அச்சத்தால் எடுத்த முடிவும் ஒரு முடிவே, அதற்கும் பொறுப்பு உண்டு என்பதையே. ஒன்றும் செய்யாதிருப்பவர் தவறு செய்யாதவர் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அது எப்போதும் உண்மை அன்று.

எப்போது ஊட்டலாம்?

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். ஒரு குழந்தையை ஆபத்தின் விளிம்பில் நிறுத்தலாமா?

ஆபத்து இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாகாது. முறைப்படி நடக்கும் சோதனைகளில் எழும் விளைவுகள் பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்படுகின்றன. உயிரிழப்பு மிக மிக அரிது. ஆயினும் 2017இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பாலைக் கொண்டு நடந்த இத்தகைய ஒரு சோதனையின்போது மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். 'அரிது' என்ற சொல் அவனுடைய பெற்றோருக்கு ஆறுதல் தராது. இதை மறைத்துவிட்டுப் பெறும் ஒப்புதல் ஒப்புதலாகாது.

ஆகவே நான்கு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும் என எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, சோதனையால் வரும் நன்மை அந்தக் குழந்தைக்கே உரியதாக இருக்க வேண்டும். பெற்றோரின் பொறுமையின்மையைத் தீர்ப்பதற்காகவோ பிறருடைய வியப்பைத் தணிப்பதற்காகவோ இருத்தலாகாது. இரண்டு, அதைவிட ஆபத்து குறைந்த வழியில் அதே உண்மையை அறிய முடியாதிருக்க வேண்டும். மூன்று, கேடு நேர்ந்தால் தடுக்கும் ஆற்றலும் கருவியும் அங்கேயே இருக்க வேண்டும். நான்கு, குழந்தைக்குத் தன் வயதுக்கேற்ப உண்மை சொல்லப்பட வேண்டும். "போதும்" என்று சொல்லும் உரிமை அவளுக்கு இருக்க வேண்டும். அவள் சொல்லுக்கு மதிப்பு இருக்க வேண்டும். இந்நான்கும் கூடும் இடத்தில் ஊட்டும் கை கொடுமை செய்யும் கை அன்று. அது குழந்தையின் எதிர்காலத்துக்கு வழி திறக்கும் கை. இவற்றுள் ஒன்று குறைந்தாலும், அன்பின் பெயரால் செய்யப்படினும், அது தவறே.

ஐந்தாம் கிண்ணம்

அன்று என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான்கு கிண்ணங்கள்வரை எதுவும் நிகழவில்லை. தங்கையின் முகத்தில் மெல்ல ஒளி பரவத் தொடங்கியது. ஐந்தாம் கிண்ணத்தை உண்டு ஏறத்தாழ பதினைந்து நிமிடங்கள் கழிந்திருக்கும். படம் வரைந்துகொண்டிருந்த குழந்தை நிமிர்ந்து, "டாக்டர், நாக்கு அரிக்குது" என்றாள். மருத்துவர் உடனே சோதனையை நிறுத்தினார். அடுத்த சில நிமிடங்களில் கன்னத்திலும் கழுத்திலும் தடிப்புகள் எழுந்தன, உதடு வீங்கியது, இருமல் தொடங்கியது. தாமதமின்றி ஊசி இடப்பட்டது. பத்து நிமிடங்களுக்குள் இருமல் தணிந்தது. குழந்தை தாயின் மடியில் சாய்ந்து உறங்கிப்போனாள். அடங்கிய ஒவ்வாமை சில மணி நேரம் கழித்து மறுபடியும் எழக்கூடும் என்பதால், அன்றிரவு முழுவதும் அங்கேயே வைத்திருந்தார்கள்.

இரண்டு கிண்ணங்கள் உண்ணப்படாமலே தட்டில் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே தங்கை அழுதாள். "என் கையால கொடுத்தேனே அண்ணா" என்றாள். அப்போது அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இரவு வெகு நேரம் கழித்து, அவளே பேசினாள். "ஒவ்வாமை இருக்குன்னு தெரிஞ்சது வருத்தந்தான். ஆனா இனிமே ஊகிச்சு ஊகிச்சுப் பயப்பட வேண்டாம். எப்படி வரும்னு பார்த்துட்டேன். வந்தா என்ன செய்யணும்னும் பார்த்துட்டேன்." உண்மைதான். மறுநாள் அட்ரினலினை எப்போது, எங்கே, எவ்வாறு இடுவது என்று கணவன் மனைவி இருவருக்கும் கற்பித்து அனுப்பினார்கள். அம்மருந்து இப்போது அவர்களுடைய பையிலும் பள்ளி ஆசிரியையிடமும் இருக்கிறது. சிறிய அளவைத் தாங்கினாள் என்பதற்காக அசட்டையாக இருக்க வேண்டாம் என்றும் மருத்துவர் எச்சரித்தார். காய்ச்சலோ களைப்போ உள்ள நாளில் அதைவிடக் குறைந்த அளவும் தீங்கு செய்யலாம். பாட்டியும் இப்போது கடலை டப்பாவை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. வருத்தத்தோடுதான், ஆனால் பேத்திக்குச் சொல்லியே எதையும் சமைக்கிறார்.

அக்கம்பக்கத்தாராகிய நமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. விருந்துக்கு அழைக்கும்போது "குழந்தைக்கு எது ஒவ்வாது?" என்று கேட்பதும், கேட்டதை நினைவில் வைத்துச் சமைப்பதும், "ஒரு வாய்தானே, ஒன்றும் ஆகாது" என்று வற்புறுத்தாதிருப்பதும் பெரிய தியாகங்கள் அல்ல. ஆயினும் அவற்றால் ஒரு குழந்தை பந்தியில் அனைவரோடும் அமர முடியும்.

மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில், வண்டியின் பின்னிருக்கையில் என் அருகே அமர்ந்திருந்தவள் என் கையைப் பற்றிக்கொண்டு கேட்டாள்: "மாமா, அரிக்குதுன்னு நான் சொன்னதும் டாக்டர் உடனே நிறுத்திட்டாங்க இல்ல?"

"ஆமாம்மா" என்றேன்.

சிறிது நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த இட்லிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, எதுவும் கேளாமல் உண்ணத் தொடங்கினாள்.